தொப்புளுக்கு இடப்பக்கம் ஒரு கட்டி

சர்க்கரை நோயாளி ஒருவரின் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் இன்சுலின் அளவை நான்கு முறை கூட்டியவன் எழுதும் நிகழ்வு ஆய்வு இது. எழுதுவதற்கு அந்த அம்மாவின் சம்மதம் இருக்கிறது. பெயரும் ஊரும் வேண்டாம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடைப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த நிலை

வயது 61, எடை 54 கிலோ. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர். முழங்கால் மடக்க முடியாமல் போனதிலிருந்து வீட்டோடு இருக்கிறார். சர்க்கரை என்று தெரிந்து 19 வருடம், இன்சுலின் போட ஆரம்பித்து 11 வருடம். 30/70 கலவை இன்சுலின், காலையும் இரவும். கூடவே ஒரு மாத்திரை. 2023-இல் சம்பா அறுவடை முடிந்து மாசி பிறந்த சமயத்தில் என் மாலை கிளினிக்குக்கு வந்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை 268. மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 10.9. அப்போது ஒரு நாளைக்கு 44 யூனிட் போட்டுக்கொண்டிருந்தார்.

சரி, பற்றவில்லை என்று 52 ஆக்கினேன். அடுத்த முறை 60. அப்புறம் 66. ஆடி மாதத்தில் 72: காலையில் 40, இரவு 32. குப்பியில் வரும் இன்சுலினுக்கு உள்ள சிவப்பு மூடி சிரிஞ்ச் ஒரு மில்லி கொள்ளும், அதாவது சரியாக 40 யூனிட். காலை ஊசிக்கு சிரிஞ்ச் வாய்வரை நிறைந்துவிடும். கிலோவுக்கு 1.3 யூனிட்டுக்கு மேல். பருமனே இல்லாத, கழுத்தெலும்பு தெரிகிற உடம்புக்கு இது எவ்வளவு அதிகம் என்று ஒரு நிமிடம் கணக்குப் போட்டிருந்தாலே எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். போடவில்லை. அறைக்கு வெளியே முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் ஒரு காரணமா!

அதற்குப் பதில் சோற்றைக் குறை சொன்னேன். ஒவ்வொரு முறையும். நாலாவது முறை அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"தம்பி, காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு. இதுக்கு மேல குறைக்கணும்னா நான் வாயைத் தச்சுக்க வேண்டியதுதான்."

மகன் பக்கத்திலிருந்து, "நெசந்தான் சார், சாப்பிடவே பயப்படுது" என்றார். அன்றைக்குத்தான் மருந்து உடம்பில் போய்ச் சேருகிறதா என்று யோசித்தேன்.

முதலில் மருந்தையே சந்தேகப்பட்டேன். வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தும் மண்பானையில்தான் வைக்கிறார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது கற்றுக்கொண்ட பழக்கம்: பெரிய பானைக்குள் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் குப்பி. வெளியே உள்ள சூட்டைவிட உள்ளே சில டிகிரி குறைவாகவே இருக்கும், குறை சொல்ல ஒன்றுமில்லை. தவிர ஒரு குப்பியில் இருப்பது 400 யூனிட். தினம் 72 எடுத்தால் ஆறு நாள்கூட வராது. கெட்டுப்போக அதற்கு நேரமே இல்லை. சிரிஞ்ச் மாறிவிட்டதா என்று பார்த்தேன், சிவப்பு மூடிதான். கண் மங்கி அளவு தப்புகிறதா என்றால், மகன்தான் ஏற்றித் தருகிறார்.

போட்டுக் காட்டுங்க

மிச்சம் இருந்தது ஒன்றுதான். "எப்படிப் போடுறீங்கன்னு எனக்குக் காட்டுங்கம்மா" என்றேன்.

ஊசியை வலது கையில் எடுத்தார். முந்தானையை ஒதுக்கினார். கீழே பார்க்கவே இல்லை. பேசிக்கொண்டே தொப்புளுக்கு இடப்பக்கம் இரண்டு விரற்கடை தள்ளிக் குத்தினார். ஊசி சட்டென்று இறங்கவில்லை. கட்டை விரலால் கொஞ்சம் அழுத்தி உள்ளே தள்ளினார். கொட்டைப்பாக்கில் ஊசி ஏற்றுவதைப் போல இருந்தது.

"எப்பவும் இந்த இடந்தானா?"

"இங்க வலிக்கவே வலிக்காது தம்பி. வேற எங்க குத்துனாலும் சுரீர்னுது. இது நல்ல இடம்."

பதினோரு வருடம், ஒரு நாளைக்கு இரண்டு. எட்டாயிரம் ஊசி. எல்லாமே அங்கேதான் என்று சொல்ல முடியாது, பெரும்பாலானவை அங்கேதான். ஒரே ஊசியை ஒரு வாரம் வைத்துப் போடுவதும் வழக்கம்.

கை வைத்துப் பார்த்தேன். தோலுக்கடியில் சின்ன எலுமிச்சை அளவில் ஒன்று தட்டுப்பட்டது, குறுக்கே 4 செ.மீ. வேகாத சேனைக்கிழங்கின் கெட்டி. சூடில்லை, வலியில்லை, மேல்தோல் மட்டும் லேசாகக் கறுத்துத் தடித்திருந்தது. தொப்புளுக்கு வலப்பக்கமும் ஒன்று, சுண்டைக்காயைவிடப் பெரிது, நெல்லிக்காயைவிடச் சிறிது. "இது எப்பலேர்ந்து?" என்றால், "அது கெடக்கு, மூணு நாலு வருசமா" என்கிறார். அவருக்கு அது கட்டியே இல்லை, ஊசி போடும் இடம்.

ஒரே இடத்தில் இன்சுலின் போட்டால் கொழுப்பு திரண்டு வீங்குவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இன்சுலின் கொழுப்பை வளர்க்கிற ஹார்மோன், அதனால் ஆச்சரியமில்லை. ஆனால் கொழுப்புத் திரட்சி மெத்தென்று இருக்கும், இட்லியை அழுத்துவது மாதிரி. இது அப்படியில்லை. வேறு ஏதாவது கெட்ட கட்டியாக இருந்துவிடக்கூடாதே என்ற பயத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினேன். கடிதத்தில் என்ன எழுதினேன் என்பது முக்கியம்: "வயிற்றுச் சுவரில் கெட்டியான கட்டி, தன்மை தெரிய வேண்டும். இன்சுலின் 40 – 32." அவ்வளவுதான். இதுவரை ஊசி போனதெல்லாம் அந்தக் கட்டிக்குள்தான் என்ற ஒரு வரியை எழுதவில்லை.

அந்த இரவு

வார்டில் இருந்த நர்ஸ் கடிதத்தில் கண்ட 32 யூனிட்டை எட்டு மணிக்குப் போட்டார். கட்டி இருக்கிற வயிற்றைத் தொடாமல் கையில் போட்டார். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. விடியற்காலை மூன்று மணிக்கு அம்மா கொட்டு கொட்டென்று வியர்த்து, மகனையே யாரென்று தெரியாமல், நாற்று முடிச்சைக் காணோம் என்று பிதற்றியிருக்கிறார். குத்திப் பார்த்ததில் சர்க்கரை 38. நரம்பில் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல் 100 மில்லி ஏறியதும் கண் விழித்து, "ஏன் எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்று கேட்டாராம்.

தவறு வார்டில் நடக்கவில்லை, என் கடிதத்தில் நடந்தது. பல மாதமாக நான் ஏற்றிக்கொண்டே வந்த 72 யூனிட், அவர் உடம்புக்கான அளவே அல்ல. கட்டியைத் தாண்டிக்கொண்டு போவதற்கான அளவு. கட்டியை விட்டு நல்ல இடத்தில் போட்ட முதல் ஊசியிலேயே முழு மருந்தும் ரத்தத்தில் இறங்கிவிட்டது. படிக்கிற மருத்துவர்கள், நர்ஸ்கள் இந்தக் கட்டுரையில் வேறெதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை. ஊசி போடும் இடத்தை மாற்றச் சொல்லும் அன்றே அளவையும் குறையுங்கள், சில நாளுக்கு அடிக்கடி குத்திப் பாருங்கள்.

மறுநாளிலிருந்து மொத்தம் 36 ஆக்கினார்கள். அதுவும் இரண்டு நாளில் இறங்கி 28-இல் வந்து நின்றது.

இதில் ஒரு கணக்கு உண்டு. 2014-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில், இத்தகைய கட்டிக்குள் போட்ட இன்சுலினில் ரத்தத்தை எட்டியது, நல்ல இடத்தில் போட்டால் எட்டுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்று அளந்திருந்தார்கள். 72-இல் மூன்றில் ஒரு பங்கு 24. இவருக்குத் தேவைப்பட்டது 28. இவ்வளவு பொருந்தியது தற்செயலாகவும் இருக்கலாம், ஆனாலும் அதைப் படித்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

தகட்டில் கண்டது

அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து இடப்பக்கக் கட்டியை எடுத்தார்கள். வெட்டிய முகம் மஞ்சள் கலந்த வெள்ளை, பழைய மெழுகுவர்த்தியைக் குறுக்கே அறுத்ததைப் போல. பெத்தாலஜி டாக்டர் எனக்குப் போன் செய்து, "நேரம் இருந்தா வந்து பாருங்க, இது தினம் கிடைக்கிற தகடு இல்ல" என்றார்.

கட்டியை மெல்லிசாகச் சீவி ஒட்டிய தகட்டை நுண்ணோக்கியில் பார்த்தேன். சாதாரணச் சாயத்தில், நடுப்பகுதி முழுக்க இளஞ்சிவப்பு. செல் ஒன்றுகூட இல்லை. ஆள் நடமாட்டமே இல்லாத உப்பளத்தைப் பார்ப்பது மாதிரி, அங்கங்கே வெடிப்பு மட்டும். காங்கோ சிவப்புச் சாயம் போட்ட இன்னொரு தகட்டை வைத்து, ஒரே தளத்தில் மட்டும் அதிரும் தளவிளைவு ஒளியைத் திருப்பினார். இளஞ்சிவப்பெல்லாம் பச்சையாக மின்னியது. ஆப்பிள் பச்சை என்று பாடப்புத்தகம் சொல்லும். எனக்கு அது விதைத்துப் பத்து நாளான நாற்றங்கால். இந்தப் பச்சை வந்தால் அமைலாய்டு, புரதம் நாராகத் திரிந்து கிடக்கிறது என்று அர்த்தம். எந்தப் புரதம் என்று அறிய வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். இன்சுலின் என்று பதில் வந்தது.

அமைலாய்டு என்ற பெயரே ஒரு குளறுபடி. 1854-இல் ருடால்ஃப் ஃபிர்ச்சோ என்ற ஜெர்மன் மருத்துவர் அயோடின் போட்டுப் பார்த்து, மாவுச்சத்து மாதிரி நிறம் மாறுகிறதே என்று மாவுச்சத்துக்கான லத்தீன் சொல்லிலிருந்து இந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். ஐந்தே வருடத்தில் ஃபிரீட்ரைக், கெக்கூலே என்ற இரண்டு ஆய்வாளர்கள் இது மாவு இல்லை, புரதம் என்று காட்டிவிட்டார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சோற்றைக் குறை சோற்றைக் குறை என்று நான் திட்டிக்கொண்டிருந்த அம்மாவின் வயிற்றில், மாவுச்சத்தின் பெயரைத் தாங்கிக்கொண்டு துளி மாவுச்சத்தும் இல்லாத ஒன்று உட்கார்ந்திருந்திருக்கிறது.

எனக்கு அதிகம் சுவாரசியமாக இருந்தது நடுப்பகுதி இல்லை, ஓரம். அங்கேதான் செல்கள் இருந்தன. மேக்ரோபேஜ் என்கிற பெருவிழுங்கி செல்கள் வரிசைகட்டி நின்றன. சில இடங்களில் அவை ஒன்றோடொன்று கலந்து, ஒரே கூரைக்குக் கீழே பத்துப் பதினைந்து உட்கருக்களோடு பெரிய ராட்சத செல்லாகியிருந்தன. ஒன்றின் வயிற்றுக்குள் இளஞ்சிவப்புத் துணுக்கு, விழுங்கியது செரிக்கவில்லை. கொழுப்புச் செல்கள் ஓரத்தில் நசுங்கிக் கிடந்தன. அழுகல், திசுச்சாவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

கட்டிக்கும் செல்லுக்கும் நடுவில்

இன்சுலின் சின்னப் புரதம், 51 அமினோ அமிலம். ஒரு சங்கிலியில் 21, இன்னொன்றில் 30. குப்பிக்குள் அது தனியாக இருப்பதில்லை. துத்தநாகத்தை நடுவில் வைத்து ஆறு ஆறாகக் கூடி உட்கார்ந்திருக்கும். இன்சுலின் குப்பிக்கென்று ஒரு மருந்து வாடை உண்டே, அது கிரெசால். கிருமி வராமல் தடுப்பதோடு அந்த ஆறு பேர் கூட்டத்தைக் கலையாமல் பிடித்துவைப்பதும் அதன் வேலை. தோலுக்கடியில் போனதும் கிரெசால் நழுவிவிடும். ஆறு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். அப்படிக் கலைந்தால்தான் ரத்தக்குழாய்க்குள் எளிதாக நுழைய முடியும், ஆகவே கலைவது நல்லதுதான். ஆனால் தனித்து நிற்கிற இன்சுலினுக்கு மடிப்பு கொஞ்சம் தளர்வு. தண்ணீருக்கு ஆகாத பக்கங்கள் உள்ளே மறைந்திருக்க வேண்டியவை, அப்போது எட்டிப் பார்க்கும். பக்கத்தில் இதேபோல இன்னொன்று இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டிக்கொண்டு அடுக்கானால் அதுதான் அமைலாய்டு நார். படிக்கட்டு மாதிரியான அந்த அடுக்கில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 4.7 ஆங்ஸ்ட்ரம் இடைவெளி. ஒரு மில்லிமீட்டரைக் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு ஆங்ஸ்ட்ரம். நாரின் தடிமன் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவு. அல்சைமர் நோயில் மூளையில் சேருவது வேறு புரதம், இதய அமைலாய்டில் சேருவது வேறு புரதம், இது இன்சுலின். மூன்றிலும் இதே படிக்கட்டு, ஏறக்குறைய இதே இடைவெளி.

அப்படியானால் இன்சுலின் போடுகிற எல்லோருக்கும் இது வர வேண்டுமே? வராது. முதல் அடுக்கு உருவாகத்தான் நாளாகும். அதற்குள் மருந்து ரத்தத்தில் கலந்து போய்விடும். இங்கே உறை மோரை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சின பாலை அப்படியே வைத்தால் எப்போது தயிராகும் என்று சொல்ல முடியாது. ஒரு ஸ்பூன் உறை விட்டால் காலையில் கெட்டித் தயிர். ஏற்கெனவே இருக்கிற நார்தான் உறை. புதிதாக வருகிற இன்சுலின் அதன் முனையில் போய் உட்காரும், பக்கவாட்டிலும் புதுநாரைப் பிறப்பிக்கும். நேற்றுப் போட்ட இடத்திலேயே இன்றைக்கும் போட்டால், தினமும் உறை விட்ட பாத்திரத்திலேயே பால் ஊற்றுகிறோம்.

அமிலத்தில் சூடாக்கினால் இன்சுலின் நாராகும் என்று 1940-களிலேயே தெரியும். ஊசி போட்ட இடத்தில் மனித உடம்பிலேயே அது நடக்கிறது என்று 1983-இல் எழுதினார்கள், 1988-இல் இன்னொரு நோயாளியின் கட்டியிலிருந்து இன்சுலினையே பிரித்தெடுத்துக் காட்டினார்கள். இத்தனை வருடம் கழித்தும் நான் வயிற்றில் கை வைக்கவில்லை.

இனி செல்லின் பக்கம் வருவோம். அமைலாய்டு என்றால் செத்த குப்பை, இடத்தை அடைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதை நெருக்கும், அதுதான் அதனால் வரும் கெடுதல் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். நான் படித்ததும் அதுதான். 2002-இல் ஃபிளாரன்ஸைச் சேர்ந்த ஸ்டெஃபானியும் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டாப்சனும் தங்கள் குழுவினரோடு ஒரு சோதனை செய்தார்கள். எந்த நோயோடும் சம்பந்தமில்லாத இரண்டு புரதங்களை எடுத்து, சோதனைக் குழாயில் திரளவைத்து, வளர்ப்புச் செல்கள்மேல் போட்டார்கள். முற்றி நாரானவை செல்லை அதிகம் ஒன்றும் செய்யவில்லை. நாராவதற்கு முன்னால் உள்ள சிறுதிரள்கள், ஒலிகோமர் என்கிறார்களே, அவை செல்லைக் கொன்றன. எந்தப் புரதம் என்பதைவிட, எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதில்தான் விஷம் இருக்கிறது.

வைக்கோல் போர் பக்கத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். போர் போட்ட வைக்கோல் யாரையும் அரிப்பதில்லை. பறக்கிற சுணைதான் கழுத்து, முதுகு, மடக்கு எல்லாம் அரிக்கும். நாருக்குள் அடுக்கிவிட்டால் ஒட்டும் பக்கங்கள் ஒன்றுக்குள் ஒன்று மறைந்துபோகும். சிறுதிரளில் அவை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது, தண்ணீருக்கு ஆகாத பக்கத்துக்கு அதைவிட நல்ல மடி கிடைக்காது. போய் ஒட்டும், சவ்வை மெலிய வைக்கும், ஒழுகவிடும். செல்லுக்கு வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைப்போல் பத்தாயிரம் மடங்கு. சின்ன ஒழுக்கு போதும், உள்ளே பாய்ந்துவிடும். கால்சியம் கண்டபடி ஏறினால் செல் தன் கணக்கு வழக்கையெல்லாம் இழந்து சாகும்.

போரைப் பிரித்தாலும் சுணை பறக்கும். நீளமான நாரைத் துண்டு துண்டாக உடைத்தால் செல்லுக்குக் கெடுதல் கூடுகிறது என்று 2009-இல் காட்டினார்கள். முனைகள் கூடுகின்றன, துண்டு சிறியதாவதால் செல்லுக்குள் போவதும் எளிதாகிறது. இதை வைத்துப் பார்த்தால், கெட்டியான கட்டியின் நடுவில் தினமும் இரண்டு முறை ஊசியை இறக்குவது நல்ல காரியமாக எனக்குப் படவில்லை. இது என் ஊகம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெருவிழுங்கிகளின் கதை வேறு. அவற்றின் வேலை கண்டதை விழுங்கிச் செரிப்பது. நாரை விழுங்கும், லைசோசோம் என்கிற செரிமானப் பைக்குள் தள்ளும். படிக்கட்டு அடுக்கில் நொதி வெட்டுவதற்கு இடமே கிடைக்காது. போதாததற்கு நம் ரத்தத்தில் ஓடுகிற ஒரு புரதம், சீரம் அமைலாய்டு-பி என்று பெயர், எந்த அமைலாய்டைக் கண்டாலும் அதன்மேல் போர்வை மாதிரி படிந்து செரிமானத்திலிருந்து காப்பாற்றுகிறது. சில அமைலாய்டுகளில் செரிக்காத நார் அந்தப் பையையே கிழிக்கும். உடனே செல்லுக்குள் என்எல்ஆர்பி3 என்கிற அபாயமணி அடித்து, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின் வெளியேறும். அல்சைமர் புரதத்தில் 2008-லும், கணையத்தில் சேரும் அமைலினில் 2010-லும் இதைப் பார்த்தார்கள்.

பிறகு ஏன் இந்த அம்மாவுக்கு வலி இல்லை, சீழ் இல்லை, தகட்டின் ஓரத்தில் பெரிய சாவு இல்லை? எல்லா இன்சுலின் கட்டியும் ஒன்று இல்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். 2019-இல் வெளியான ஜப்பானிய அறிக்கை ஒன்றில், கட்டியைச் சுற்றித் திசு செத்துக்கிடந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவர் கட்டியின் அமைலாய்டு வளர்ப்புச் செல்களைக் கொன்றது, மற்ற நோயாளிகளின் கட்டி கொல்லவில்லை. வினோதம் என்னவென்றால், நாரோடு சேர்ந்தால் ஒளிரும் தயோஃபிளேவின் என்ற சாயம், கொல்லும் கட்டியில்தான் மங்கலாக ஒளிர்ந்தது. நார் ஒழுங்காக அடுக்கப்படாதது விஷம், நன்றாக அடுக்கப்பட்டது சாது. இந்த அம்மாவுடையது நாற்றங்கால் பச்சையாகப் பளிச்சென்று மின்னியது. சாது வகை என்று நினைக்கிறேன்.

கணையத்திலும் இதே கதை

மகன் செல்போனில் அமைலாய்டு என்று தேடியிருக்கிறார். அடுத்த முறை வந்தபோது அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தனியாக உள்ளே வந்தார். "சார், இது மூளைக்கு ஏறுமா? ஞாபக மறதி வருமா?" பாவம், இரண்டு நாள் தூங்கவில்லை போல. இது இன்சுலினால் ஆனது, ஊசி போட்ட இடத்திலேயே உருவாகி அங்கேயே இருப்பது, மூளையில் சேருவது வேறு புரதம் என்று சொன்னேன். சிறுநீரில் புரதம், இதய ஸ்கேன் இரண்டும் பார்த்திருந்தோம், கோளாறு இல்லை.

அவரிடம் சொல்லாத ஒன்று உண்டு. அம்மாவின் உடம்பில் அமைலாய்டு இன்னோர் இடத்திலும் இருக்க வாய்ப்பு அதிகம். இன்சுலின் சுரக்கிற அதே கணையச் செல்கள் அமைலின் என்று 37 அமினோ அமிலங்கள் கொண்ட இன்னொரு ஹார்மோனையும் சுரக்கின்றன. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளின் கணையத் திட்டுகளில் ஏதோ கண்ணாடி மாதிரி படிந்திருக்கிறது என்று 1901-இல் யூஜின் ஓப்பி என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் எழுதினார். அது அமைலின் என்று தெரிய 1987 வரை ஆயிற்று. அங்கேயும் சிறுதிரள், அங்கேயும் ஒழுகும் சவ்வு, அங்கேயும் அபாயமணி. சாவது இன்சுலின் சுரக்கும் செல்லேதான். உள்ளே ஒரு புரதம் திரண்டு செல்லைக் கொன்றதால் வெளியிலிருந்து ஊசி, அந்த ஊசி மருந்தும் திரண்டு தோலுக்கடியில் ஒரு கட்டி!

எலியின் அமைலின் இப்படித் திரளாது. திரளுகிற பகுதியில் அதற்குப் புரோலின் என்ற அமினோ அமிலம் மூன்று இருக்கிறது. புரோலின் இருக்கும் இடத்தில் படிக்கட்டு அடுக்கு உட்காராது. அந்த மூன்றையும் எலியிடம் கடன்வாங்கி மனித அமைலினில் பொருத்தித்தான் பிராம்லின்டைட் என்ற சர்க்கரை நோய் மருந்தையே செய்தார்கள், 2005-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அமைலாய்டு எல்லாமே நோய் என்று எண்ணிவிடவும் கூடாது. தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனின், அமைலாய்டு நார் விரித்த பாயின்மேல்தான் படிகிறது. பிட்யூட்டரிச் சுரப்பியில் சில ஹார்மோன்கள் அமைலாய்டாகவே சேமித்துவைக்கப்பட்டு, வேண்டும்போது கரைந்து வெளியேறுகின்றன. இப்போது மும்பை ஐஐடியில் இருக்கும் சமீர் மாஜி முதல் ஆசிரியராக 2009-இல் எழுதிய கட்டுரை அதைக் காட்டியது. அங்கெல்லாம் செல் தானே ஒரு பைக்குள் அடைத்துவைத்துத்தான் அடுக்குகிறது, சிறுதிரள் ஊர் சுற்ற விடுவதில்லை.

இப்போது

இடம் மாற்றிப் போடுவதற்கு வயிற்றை நாலாகப் பிரித்து வாரம் ஒரு கால்பகுதி என்று படம் வரைந்து கொடுத்தேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்ம கோலத்துப் புள்ளிதானே" என்றார். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் ஒரு விரல் இடைவெளி. நேர்ப்புள்ளி ஒரு வாரம், ஊடுபுள்ளி ஒரு வாரம். என் படத்தைவிட அது நன்றாக இருந்ததால் இப்போது மற்றவர்களுக்கும் அதையே சொல்லித் தருகிறேன். ஒவ்வொரு ஊசிக்கும் புது சிரிஞ்ச் என்பதற்கு மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாளைக்கு ஒன்று என்று பேரம் பேசி நிற்கிறோம்.

நாலு மாதம் கழித்து எச்பிஏ1சி 7.6. இன்சுலின் 28-லேயே இருக்கிறது. மத்தியானச் சோறு இரண்டு கரண்டியாகியிருக்கிறது, நான் ஒன்றும் சொல்வதில்லை.

வலப்பக்கத்துச் சின்னக் கட்டியை எடுக்கவில்லை. "இதையும் வெட்டிருவீங்களா தம்பி?" என்று கேட்டபோது, வேண்டாம், அதில் ஊசி மட்டும் போடாதீங்க என்றேன். ஒவ்வொரு முறை வரும்போதும் அளந்து குறித்துவைக்கிறேன். முதல் தடவை 2.1 செ.மீ. நாலு மாதத்தில் 2.1. பத்து மாதத்தில் 2.0. கடந்த முறை மறுபடியும் 2.1.